கமெய்தோ தென்ஜின்: பரீட்சை சாமியப் பாத்துட்டு வந்தேன்

டோக்கியோல இருந்துகிட்டே ஷின்டோ (ஜப்பானோட பாரம்பரிய மதம்) கோயில் பக்கம் போகத் தயங்கறவங்க நிறைய பேரு, உள்ள போய் என்ன பண்ணனும்னு தெரியாதுங்கறதுதான் காரணம். நான் போனது கமெய்தோ தென்ஜின், சோபு லைன்ல கமெய்தோ ஸ்டேஷன்ல இறங்கி சுமார் 15 நிமிஷ நடை. டிக்கெட் கிடையாது, நீ எந்த மதம்னு யாரும் கேக்கல.

தோரி வாசல்ல ஒரு தடவை குனிஞ்சுட்டு உள்ள போகணும், நடுப்பாதை சாமிக்குன்னு ஓரமா நடக்கறாங்க. தண்ணித் தொட்டில முதல்ல இடது கை, அப்புறம் வலது, அப்புறம் இடது உள்ளங்கைல தண்ணி ஊத்தி வாய் கொப்பளிக்கணும், கரண்டிய வாயில வைக்கக் கூடாது (எச்சில் விஷயத்துல நமக்கு யாரும் சொல்லித்தர வேணாம்). சன்னதில காசு போட்டு, 2 தடவை குனிஞ்சு, 2 தடவை கை தட்டி, வேண்டிக்கிட்டு, திரும்ப ஒரு தடவை குனிஞ்சா முடிஞ்சுது. இசுமோங்கற ஊர்ல இருக்கற பெரிய கோயில் மாதிரி சில இடத்துல மட்டும் 4 தடவை கை தட்டணும்.

இதெல்லாம் முன்னாடி நிக்கறவரப் பாத்தே செஞ்சிடலாம். எனக்குப் புடிச்சது சாமியோட கதை. சுகவாரா நோ மிச்சிசானே, பெரிய படிப்பாளி, கியோட்டோ அரண்மனைல மந்திரி. கூட இருந்தவங்களே கோள் மூட்டி 901ல ரொம்ப தூரத்துல இருக்கற தசாய்ஃபுங்கற ஊருக்குத் துரத்திட்டாங்க, 903ல அங்கயே செத்துட்டாரு. 930ல அரண்மனைல இடி விழுந்து ஆளுங்க செத்ததும் எல்லாம் அவர் கோவம்தான்னு நடுங்கிப்போய் சாமியாக்கிக் கும்பிட ஆரம்பிச்சுட்டாங்க. மதுரை வீரனையும் காத்தவராயனையும் கும்பிடற ஊர்க்காரனுக்கு இதுக்கு மேல விளக்கம் எதுக்கு? இடி இறக்கின அதே ஆளுதான் இன்னிக்கு பரீட்சை எழுதற பசங்களுக்குத் துணை.

எமான்னு மரப்பலகை விக்கறாங்க, வேண்டுதல எழுதித் தொங்கவிடணும். எங்க அக்கா பொண்ணு நீட் பாஸாகணும்னு நான் தமிழ்லயே எழுதினேன், அந்தக் காலத்துலயே சீன மொழில கவிதை எழுதின மனுஷன் இதையும் எப்படியாவது படிச்சுக்குவாரு.

வந்துட்டுப் போனதுக்கு அடையாளமா கோயில் முத்திரை வேணும்னா அதுக்குன்னு விக்கற நோட்டுதான் நீட்டணும், ஆபீஸ் டைரில போடச் சொல்லாதீங்க. ஏப்ரல் கடைசில குளத்துக்கு மேல ஊதாப் பூ கொத்துக் கொத்தாத் தொங்கும், கூட்டமும் அப்படித்தான் இருக்கும், நிதானமா கும்பிடணும்னா வேற மாசம் பாத்துப் போங்க.