இம்போசிஷனை விட ஸ்வீட் பாக்ஸ் மேல்

கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இந்தப் பக்கம் இருபது ஆங்கிலச் சொல், அந்தப் பக்கம் தமிழ் அர்த்தம், "எல்லாத்தையும் பத்து தடவை எழுதிட்டு வாங்க, நாளைக்கு டிக்டேஷன்." இது இன்னும் எத்தனையோ வகுப்புகளில் நடக்கிறது. பிள்ளைகள் எப்படி எழுதுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? முதல் எழுத்தை மேலிருந்து கீழே பத்து தடவை, அப்புறம் இரண்டாவது எழுத்தைப் பத்து தடவை, இப்படியே நெடுக. சொல்லை ஒரு தடவைகூடப் படிக்காமலே வேலை முடிந்துவிடும்!

ஒழுங்காக எழுதி டிக்டேஷனில் முழு மதிப்பெண் வாங்குகிறவர்களும் அடுத்த வாரம் அதே சொல்லைப் பார்த்து முழிப்பார்கள். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்துப் பார்த்து, மறதி முதல் நாளிலேயே பெரும்பகுதியைக் கொண்டுபோய்விடும், இடைவெளி விட்டுப் படித்தால்தான் தங்கும் என்று 1885-லேயே எழுதிவிட்டார். நாம்தான் இன்னும் ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் எழுத வைத்துக்கொண்டிருக்கிறோம்.

என் ஏழாம் வகுப்பில் இருப்பது ஒரு காலி ஸ்வீட் பாக்ஸ், உள்ளே அட்டை வைத்து மூன்று அறை. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிய சீட்டுகளில் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் அர்த்தமும் பிள்ளைகளே எழுதிய ஒரு வாக்கியமும். முதல் அறைச் சீட்டுகளைத் தினமும் கேட்பேன், இரண்டாவதை வாரம் ஒரு முறை, மூன்றாவதை மாதக் கடைசியில். சரியாகச் சொன்னால் சீட்டு அடுத்த அறைக்குப் போகும், தப்பினால் மறுபடி முதல் அறைதான். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970-களில் பிரபலமாக்கிய முறை இது. வருகைப் பதிவு எடுத்ததும் ஐந்து நிமிடம், அவ்வளவுதான், போர்ஷன் ஒன்றும் கெட்டுப்போகாது.

வாக்கியம் அவர்களுடையதாக இருப்பது முக்கியம். 'ரிலக்டன்ட்' (மனமில்லாமல் தயங்குவது) என்ற சொல்லுக்கு ஒரு பெண் எழுதியது: மழையில் வெளியே போக எங்கள் ஆடு ரிலக்டன்ட். வகுப்பே சிரித்தது. அந்தச் சீட்டு ஒரு தடவைகூட முதல் அறைக்குத் திரும்பவில்லை.

எந்தச் சொல்லை எடுப்பது? பாடத்துக்கு ஐந்தாறு போதும். வங்காளத்தில் கல்வித் துறையில் வேலை பார்த்த மைக்கேல் வெஸ்ட் 1953-ல் வெளியிட்ட அடிப்படை ஆங்கிலச் சொற்பட்டியலிலேயே சுமார் 2000 சொற்கள்தான். கதையில் ஒரே ஒரு முறை வரும் ஏதோ பூவின் பெயருக்குச் சீட்டு வீண், படத்தைக் காட்டிவிட்டுப் போய்விடலாம். நான் முதலில் எடுப்பது 'டிஸ்டிங்விஷ்' (வேறுபடுத்திக் காட்டு), 'ஜஸ்டிஃபை' (காரணம் காட்டி நியாயப்படுத்து) மாதிரி கேள்வித்தாள் சொற்களை. அறிவியல் பாடம் நன்றாகவே தெரிந்த பிள்ளை, கேள்வி என்ன கேட்கிறது என்று புரியாமல் மதிப்பெண்ணை விடுவது கொடுமை.

இன்னொன்று, 'பாரோ' (கடன் வாங்கு), 'லெண்ட்' (கடன் கொடு) மாதிரி ஜோடிகளை ஒரே நாளில் சொல்லித்தராதீர்கள். எது வாங்குவது, எது கொடுப்பது என்று இரண்டும் குழம்பி, இரண்டு சீட்டுமே முதல் அறையை விட்டு நகராது. 'பாரோ' மூன்றாவது அறைக்குப் போகட்டும், அப்புறம் 'லெண்ட்' உள்ளே வரட்டும்.