துண்டு துண்டாய்ப் போன தடம்: பழைய நேரோ கேஜ் ரயிலுக்கு நிலம் சேர்த்த அனுபவம்

பிரிட்டனில் மூடிப்போன நேரோ கேஜ் ரயிலை, அதாவது தண்டவாள இடைவெளி குறைந்த ரயிலை, திரும்ப ஓட்ட நிலம் வாங்குகிறீர்களா? அந்த ரயில் எப்படி மூடப்பட்டது என்று முதலில் பாருங்கள். நிலம் வாங்குவதில் படப்போகும் பாட்டில் பாதி அதிலேயே முடிவாகிவிடுகிறது. வேல்ஸில் வெல்ஷ் ஹைலண்ட் ரயிலில் 1936-ல் பயணிகள் வண்டி நின்றது. 1941-ல் தண்டவாளத்தையும் பெயர்த்தார்கள். ஆனால் கம்பெனிக் கலைப்பு முடியாமலே கிடந்ததால் தடம் சிதறாமல் இருந்தது. 2011-ல் போர்த்மடோக் வரை முழுப் பாதையும் திரும்ப ஓடியது. இங்கிலாந்தின் டெவனில் இருந்த லிண்டன்–பார்ன்ஸ்டபிள் ரயில் 1935 செப்டம்பரில் மூடியது. அதன் தடம் துண்டு துண்டாக விற்றுப் போனது. 19 மைல் பாதையில் 2004-ல் வூடி பே நிலையத்துக்கு வண்டி திரும்பியது. கிலிங்டன் லேன் வரை நீட்டிய பிறகும் தூரம் சுமார் ஒரு மைல்தான். எங்களுக்கு வாய்த்ததும் இந்த இரண்டாம் வகை.

முதல் வேலை வரைபடம். பாதைக்கு அனுமதி கேட்டபோது தாக்கல் செய்த பழைய திட்ட வரைபடங்கள் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். அவற்றில் இருப்பது உத்தேசக் கோடு மட்டுமே. கட்டி முடித்தபின் ரயில் கம்பெனி வரைந்த நில வரைபடமும் பழைய கிரயப் பத்திரங்களும்தான் வேலி எங்கே இருந்தது என்று சொல்லும். நிலப் பதிவகப் படத்தை வைத்து முளை அடிக்காதீர்கள். கிராமப்புறத்துக்கு அது பெரும்பாலும் 1:2500 அளவு. படத்தில் எல்லையைக் காட்டும் ஒரு மில்லிமீட்டர் சிவப்புக் கோடு தரையில் இரண்டரை மீட்டர். நம் தடத்தின் மேல்தளத்தில் பாதிக்கு மேல் அந்தக் கோட்டுக்குள்ளேயே போய்விடும்.

2 அடி கேஜ்தானே, 4 மீட்டர் நிலப்பட்டை போதும் என்று எழுதிவிடுவது அடுத்த தவறு. கரைமேட்டின் மேல்தளம் 4 மீட்டர், உயரம் 4 மீட்டர், ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒன்றரை மீட்டர் சரிவு என்றால் அடியில் 16 மீட்டர். இரு பக்கமும் வேலிக்கும் வாய்க்காலுக்கும் ஒவ்வொரு மீட்டர் சேர்த்தால் 18. அதாவது கிலோமீட்டருக்கு 1.8 ஹெக்டேர். தண்ணீரை இன்னும் அதிகம் பேர் மறக்கிறார்கள். மதகின் வாய் நம் எல்லைக்குள் இருக்கும், தண்ணீர் விழுவது பக்கத்து வயலில். அந்த வடிகால் உரிமையைக் கிரயத்திலேயே எழுதாவிட்டால், பிறகு அதற்கென்று தனிப் பத்திரமும் தனி விலையும் வரும்.

நிலக்காரர் தயங்குவது பெரும்பாலும் விலைக்காக இல்லை. எண்பது வருஷமாக ஒரே வயலாக உழுததை நாம் திரும்ப இரண்டாக்குகிறோம். மாடு எங்கே தாண்டும், தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம் போகும், அறுவடை இயந்திரம் எப்படித் திரும்பும்? பணப் பேச்சுக்கு முன்னால் இவற்றுக்குப் பதில் வேண்டும். பிரிட்டனில் புதிய லெவல் கிராசிங்குக்கு ரயில் பாதுகாப்புத் துறை எளிதில் சம்மதிக்காது. பழைய மாட்டுச் சுரங்கவழியோ மாட்டுக்குத்தான் பொருந்தும். இன்றைய டிராக்டரின் கேபின் மூன்று மீட்டரைத் தொடுகிறது. எங்கள் கணக்கில் நிலமாற்றுதான் அதிகம் பலித்தது: வயல் முழுவதையும் வாங்கி, பட்டையை வைத்துக்கொண்டு, மீதியை வேலியோடு பக்கத்து நிலக்காரருக்கு விற்பது. சிறு நஷ்டம் வரும், ஆனால் வருஷங்கள் மிச்சம்.

விலைக்கு எல்லோருக்கும் ஒரே சூத்திரம் வையுங்கள்: ஹெக்டேருக்கு விவசாய மதிப்பு, அதன்மேல் வயல் பிளவுபடுவதற்கு ஈடு. ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுத்தால் அடுத்த மாட்டுச் சந்தைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

கையில் பணம் இல்லாதபோது ஆப்ஷன் ஒப்பந்தம். சிறு தொகை கொடுத்து, குறித்த காலத்துக்குள் வாங்கும் உரிமையை வாங்கி வைப்பது. மூன்று வருஷம் போதும் என்று வக்கீல் சொல்வார். கட்டட அனுமதிக்கும் பொது விசாரணைக்குமே அந்தக் காலம் தீர்ந்துவிடும். பத்து வருஷம் கேளுங்கள். ஒப்பந்தத்தை நிலப் பதிவேட்டில் குறிக்கச் செய்யுங்கள். இல்லையென்றால் பண்ணையை வாங்குகிறவர் அதற்குக் கட்டுப்படாமல் தப்பிவிடலாம். நிலம் அடமானத்தில் இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும். 1986 விவசாயக் குத்தகைச் சட்டத்தின் கீழ் குத்தகைக்காரர் இருந்தால், உரிமையாளரிடம் வாங்கியதாலேயே நிலம் காலியாகிவிடாது. அவரோடு தனியாகப் பேசி முடிக்க வேண்டும்.

நிலத்தின் மதிப்பு பிற்பாடு ஏறினால் தனக்கும் பங்கு வேண்டும் என்ற ஷரத்தை விற்பவரின் வக்கீல் நுழைப்பார். ரயில் அல்லாத உபயோகத்துக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டு ஒப்புக்கொள்ளலாம்.

கட்டாயக் கையகப்படுத்தலுக்கு 1992 போக்குவரத்து மற்றும் பணிகள் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும், எதிர்ப்பு வந்தால் விசாரணை. வண்டி ஓடப்போவதும் அதே அண்டை வீட்டாரின் வேலியை ஒட்டித்தான் என்பதால், தொண்டர்கள் நடத்தும் ரயிலுக்கு இது கடைசி வழி.

கையெழுத்துக்கு முன் வெட்டுப்பள்ளங்களை, அதாவது ரயில் போக மேட்டை வெட்டிய இடங்களை, தோண்டிப் பாருங்கள். ரயில் போனபின் பள்ளம் கிடைத்தால் யாரும் சும்மா விடுவதில்லை. ஆஸ்பெஸ்டாஸ் தகடு, பூச்சிமருந்து டின், உடைந்த கான்கிரீட் எல்லாம் அதில்தான். மேலே புல் முளைத்து நல்ல வயல் மாதிரியே இருக்கும். சிறு எக்ஸ்கவேட்டர் ஒன்றை வைத்து ஐம்பது மீட்டருக்கு ஒரு குழி வெட்டினால் தெரிந்துவிடும். குப்பை இருந்தால் அள்ளும் செலவுக்கு விலைப்புள்ளி வாங்கி, அதைக் கழித்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும்.