மூன்று இரவு, ஒரே செக்மென்ட்

போன வருடம் எங்கள் கிரீன்பிளம் கிளஸ்டரில் (ஒரே டேட்டாபேஸைப் பல மெஷின்களில் பிரித்து வைத்து ஓட்டும் அமைப்பு) ஒரே செக்மென்ட், அதாவது டேட்டாவின் ஒரு பங்கை வைத்திருக்கும் துண்டு, இரண்டு இரவு தொடர்ந்து விழுந்தது, மூன்றாம் இரவும் விழப் பார்த்தது. முதல் இரண்டு இரவும் நான் பார்த்தது தப்பான வைத்தியம், அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கிளஸ்டர் ஒன்றும் பெரிதில்லை. கிரீன்பிளம் 6, அதாவது உள்ளே இருப்பது போஸ்ட்கிரெஸ் 9.4. குவெரிகளை வாங்கிப் பிரித்துக் கொடுக்க ஒரு மாஸ்டர், டேட்டா இருக்கும் 4 ஹோஸ்ட் (மெஷின்), ஹோஸ்டுக்கு 6 பிரைமரி வீதம் 24 செக்மென்ட், ஒவ்வொன்றுக்கும் வேறு ஹோஸ்டில் ஒரு மிரர் (மாற்றுப் பிரதி). கடைகளின் பில் விவரம் எல்லாம் இதில்தான். ராத்திரி லோடு (புது பில்களை ஏற்றுவது) முடிந்தால்தான் காலையில் ரிப்போர்ட்.

முதல் நாள் இரண்டரை மணிக்கு ஷிஃப்டில் இருந்த தம்பி கூப்பிட்டான். "அண்ணே, டிஸ்கில இடம் இல்லைன்னு லோடு நின்னுடுச்சு, ஆனா பாதி டிஸ்க் காலியாதான் இருக்கு." அவன் பார்த்தது முதல் ஹோஸ்டை. கிளஸ்டர் நிலையைக் காட்டும் ஜிபிஸ்டேட் போட்டால் மூன்றாவது ஹோஸ்டில் செக்மென்ட் 17 டவுன், மிரர் பொறுப்பை எடுத்திருந்தது. நானும் தூக்கக் கலக்கத்தில் விழுந்த செக்மென்டை எழுப்பும் ஜிபிரெக்கவர்செக் ஓட்டி, சிங்க் ஆனதும் ஆர் ஆப்ஷனோடு இன்னொரு முறை ஓட்டிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன் (இது ஓடிக்கொண்டிருக்கும் குவெரிகளைக் கேன்சல் செய்துவிடும், யாரையும் கேட்காமல் செய்து காலையில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்). அதற்கப்புறம்தான் அந்த ஹோஸ்டின் டிஸ்கைப் பார்த்தேன், நிறையவே இடம் இருந்தது. இரண்டாம் நாளும் இதே கதை. லோடை இரண்டாகப் பிரித்து ஓட்டிச் சமாளித்தோம்.

பின்னால்தான் உறைத்தது. செக்மென்ட் மறுபடி எழும்போது விட்டுப்போன தற்காலிக ஃபைல்களைத் துடைத்துவிடும். நான் முதலில் ரெக்கவர் செய்துவிட்டு அப்புறம் டிஸ்கைப் பார்த்ததால், தடயத்தை நானே அழித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் தூங்கவில்லை. ஜிபி டூல்கிட் ஸ்கீமாவில் செக்மென்ட் வாரியாக ஸ்பில் ஃபைல் (மெமரி போதாமல் குவெரி டிஸ்கில் எழுதும் தற்காலிக ஃபைல்) அளவு காட்டும் வியூ ஒன்று உண்டு, அதை நிமிடத்துக்கு ஒரு தரம் ஓட்டினேன். 23 செக்மென்டில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, 17 மட்டும் வீங்கிக்கொண்டே போனது. காரணமான குவெரி ஒன்றுதான்: ஒவ்வொரு பில்லுக்கும் அதே வாடிக்கையாளரின் முந்தைய பில் எது என்று தேடும் விண்டோ ஃபங்ஷன். விழுவதற்குள் கேன்சல் செய்தேன்.

செக்மென்ட் ஐடி வாரியாக டேபிளின் வரிசைகளை (ரோ) எண்ணிப் பார்த்தால் விஷயம் வெளியே வந்துவிட்டது. 90 கோடி வரிசை, சமமாகப் பிரிந்தால் ஆளுக்கு நாலு கோடிகூட வராது, 17இல் மட்டும் 30 கோடிக்கு மேல். டேபிளை வாடிக்கையாளர் எண்ணை வைத்துப் பிரித்திருந்தார்கள், போன் நம்பர் கொடுக்காதவர்களுக்கெல்லாம் அந்த எண் -1. வரிசை எந்த செக்மென்டுக்குப் போகும் என்பதை அந்த எண்ணிலிருந்து கணக்கிடும் ஹேஷ்தான் முடிவு செய்யும்: ஒரே மதிப்புக்கு ஒரே ஹேஷ், ஒரே செக்மென்ட். புதிதாகத் திறந்த கடைகளில் நம்பர் கேட்பதையே நிறுத்திவிட்டார்களாம், அதனால்தான் இத்தனை நாள் தாங்கியது அந்த வாரம் உடைந்தது.

இருக்கிற டேபிளில் டிஸ்ட்ரிபியூஷனை (எதை வைத்துப் பிரிப்பது என்பதை) மாற்றினால் முழு டேபிளும் திருப்பி எழுதப்படும், அதுவரை யாரும் தொட முடியாது, இன்னொரு பிரதிக்கு இடமும் வேண்டும். அதனால் பில் எண்ணை வைத்துப் பிரித்த புது டேபிளுக்கு மாதம் மாதமாக நகர்த்தி, பழைய டேபிளில் நகர்த்திய பார்ட்டிஷனை (அந்த மாதத்துப் பகுதியை) அழித்து, முடிவில் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்க அனலைஸ் ஓட்டினேன். எல்லா செக்மென்டும் அழகாகச் சமம். குவெரியை ஓட்டினால், அட, 17 திரும்பவும் வீங்குகிறது! யோசித்தால் அது நியாயம்தான். வாடிக்கையாளர் வாரியாக வரிசைப்படுத்தச் சொன்னால், குவெரி ஓடும் நேரத்தில் ரீடிஸ்ட்ரிபியூட் மோஷன் (வரிசைகளை செக்மென்ட்களுக்கிடையே மாற்றி அனுப்பும் படி) அந்த -1 வரிசைகளை எல்லாம் மறுபடி ஒரே இடத்துக்குத்தான் அனுப்பும்.

யாரென்றே தெரியாத ஆளுக்கு முந்தைய பில் ஏது? -1 வரிசைகளைத் தனியே எடுத்து, விண்டோவுக்குள் விடாமல், யூனியன் ஆல் போட்டு ஒட்டினேன். அதோடு ஸ்பில் விழுவது நின்றது. ஒரு குவெரி எவ்வளவு ஸ்பில் செய்யலாம் என்ற வரம்பு எங்களிடம் 0, அதாவது வரம்பே இல்லை என்று இருந்தது, அதற்கும் ஒரு எண் வைத்தேன், இனி செத்தால் குவெரி சாகட்டும், செக்மென்ட் வேண்டாம்.

அடுத்து ரிட்டர்ன் டேபிளைப் பார்க்க வேண்டும். அதில் -1 கிடையாது, 0 போட்டு வைத்திருக்கிறார்கள்.