பிப்புக்கு நன்றி சொன்ன கைதி

இந்தப் பருவத்தில் பி.ஏ. ஆங்கிலம் பிள்ளைகளுக்கு சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நடத்துகிறேன். கைடை மூடிவையுங்கள், முதல் ஆறு அத்தியாயங்களை வகுப்பிலேயே வாய்விட்டு வாசித்துவிடுவோம் என்று சொல்லிவிட்டேன். 1860 டிசம்பரில் வாரப் பத்திரிகையில் தொடராக ஆரம்பித்த கதை. வாசிக்கக் கேட்டால் அந்த வேகம் நன்றாகத் தெரிகிறது.

கென்ட் பக்கத்துச் சதுப்பு நிலம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், கல்லறைத் தோட்டம். பெற்றோர் முகமே அறியாத சிறுவன் பிப், கல்லில் வெட்டிய எழுத்துகளின் வடிவத்தைப் பார்த்தே அப்பா கட்டைகுட்டையாக, சுருட்டை முடியோடு இருந்திருப்பார் என்று முடிவுகட்டுகிறான். காலில் விலங்கோடு ஒரு கைதி பாய்ந்து வந்து அவனைத் தலைகீழாகக் கவிழ்க்கிறான். விலங்கை அறுக்க அரமும், சாப்பாடும் கொண்டுவராவிட்டால் ஈரலைப் பிடுங்கிவிடுவார்களாம்.

"பயத்துலதானே மேம் கொண்டுபோய்க் கொடுத்தான்?" என்றாள் ஒரு மாணவி. வீட்டிலிருந்து திருடியது பயத்தில்தான். ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில், நாய் போல அவசர அவசரமாக விழுங்கும் அந்த மனிதனைப் பார்த்து, நீங்கள் ரசித்துச் சாப்பிடுவதில் எனக்குச் சந்தோஷம் என்கிறான் பிப். அதை யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. கைதியும் நன்றி சொல்கிறான்.

வீட்டிலோ இருபது வயதுக்கு மேல் மூத்த அக்காவின் பிரம்பு. கேள்வி கேட்பதில் ஆரம்பிக்கிறவர்கள்தான் சிறைக்கப்பலில் போய் முடிகிறார்கள் என்று அவள் அதட்டுகிறாள். கிறிஸ்துமஸ் விருந்தில் பெரியவர்கள் எல்லோரும் பன்றியை உதாரணம் காட்டி, நன்றியுள்ளவனாக இரு என்று இடிக்கிறார்கள். அக்கா கணவர், கொல்லர் ஜோ வாயே திறப்பதில்லை. பையனை யாராவது குத்திப் பேசினால் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் கிரேவி ஊற்றுகிறார். எனக்கு இந்த ஆறு அத்தியாயங்களிலும் மிகப் பிடித்தது அந்தக் கரண்டிதான்.

பிடிபட்டதும் கைதி, கொல்லர் வீட்டில் உணவைத் திருடியது நான்தான் என்று பழியைத் தானே ஏற்றுக்கொள்கிறான். அதற்கு ஜோ சொல்வது: நீ என்ன குற்றம் செய்தாயோ தெரியாது, அதற்காக நீ பட்டினியால் சாகவேண்டும் என்று நாங்கள் நினைக்கமாட்டோம். கைதியின் தொண்டையில் ஏதோ 'க்ளிக்' என்கிறது, திரும்பிக்கொள்கிறான். இதை வேகமாகத் தாண்டிவிட்டால், பின்னால் பிப் ஜோவை நினைத்து வெட்கப்படும் இடங்கள் நமக்கு வலிக்கவே வலிக்காது. பரீட்சைக்கு வராத பகுதி என்று இதைத் தள்ளிவிடுவது பெரிய அநியாயம்.

ஆறாம் அத்தியாயத்தில் ஜோவிடம் உண்மையைச் சொல்ல பிப்புக்கு வாய் வரவில்லை. சொன்னால் ஜோ தன்னைக் கேவலமாக நினைப்பாரோ என்ற பயம். சொல்லியிருந்தால் ஜோ என்ன செய்திருப்பார்? வெள்ளிக்கிழமைக்குள் இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். அப்புறம்தான் கதையில் அடுத்து வரும் பணக்காரச் சீமாட்டி மிஸ் ஹாவிஷம் வீட்டுக்குப் போகிறோம்.