அம்மாவின் முழங்காலும் காமகுரா ரயிலும்

ஜப்பான் போகிறோம் என்று வாயைத் திறந்தால் போதும், இலங்கை மலையகத்தில், எங்கள் ஹட்டன் டவுனில் மரக்கறிக் கடைக்காரர்கூட "கியோட்டோ பாத்துட்டு வாங்க" என்கிறார். எல்லாம் யூடியூப் செய்யும் வேலை. தங்கச்சி யோகோஹாமாவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறாள். ஜூனில் நானும் அம்மாவும் அவளிடம் போகிறோம். அவளுக்கு லீவு சேர்ந்தாற்போல் கிடைக்காது; ஊர் சுற்ற என்று முழுதாகக் கையில் இருப்பது ஒரு புதன்கிழமை. அந்த ஒரு நாளை எங்கே செலவழிப்பது என்பதுதான் எங்கள் வீட்டில் இப்போதைய அரசியல்.

கியோட்டோவை முதலிலேயே வெட்டிவிட்டேன். ஷின்-யோகோஹாமாவிலிருந்து புல்லட் ரயிலில் இரண்டு மணித்தியாலம், ஒருவருக்கு ஒரு வழிக்கு 13,000 யென்னுக்கு மேல். மூன்று பேர் போய்வர ஏறக்குறைய 80,000 யென். அந்தக் காசுக்கு அங்கே போய் மூன்று கோயிலை ஓட்டமாகப் பார்த்துவிட்டு ராத்திரி திரும்பி வர வேண்டும். நான் சொன்னது காமகுரா என்ற பழைய கடலோர ஊர். யோகோஹாமாவிலிருந்து அரை மணித்தியாலத்துக்கும் குறைவு, சாதாரண ரயில் போதும். தங்கச்சி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், "எல்லாரும் போற எடம் அக்கா அது" என்று. கியோட்டோவுக்கு மட்டும் யாரும் போகாமலா இருக்கிறார்கள்?

பழமைக்கும் குறைவில்லை. 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் மினாமோட்டோ நோ யொரிடோமோ இங்கே தன் இராணுவ ஆட்சியை நிறுவினார். 1333 வரை சக்கரவர்த்தி கியோட்டோவில், அதிகாரம் காமகுராவில். கம்பனி லண்டனில், துரை தோட்டத்தில் என்று வாழ்ந்த பரம்பரைக்கு இந்த ஏற்பாட்டை யாரும் விளக்கத் தேவையில்லை.

திட்டம் போடும்போது நான் முதலில் பார்த்தது படிகளை. அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் மலையில் கொழுந்து எடுத்தவர். கூடை இறங்கிவிட்டது, வலி மட்டும் முழங்காலில் தங்கிவிட்டது. நேராக எவ்வளவு தூரமும் நடப்பார். படி என்றால் ஒவ்வொன்றாக, கைப்பிடி பிடித்து, பக்கவாட்டில்தான் இறங்குவார். ஜப்பான் கோயில்கள் எல்லாம் குன்றில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. அதனால் ஒவ்வொரு கோயிலின் படத்தையும் பெரிதாக்கி, படி எத்தனை, கைப்பிடி உண்டா என்று பார்ப்பதே என் ராத்திரி வேலையாகிவிட்டது. ஜப்பான் நேரம் நமக்கு மூன்றரை மணித்தியாலம் முன்னே என்பதால் தங்கச்சி ராத்திரி டியூட்டி முடித்து வரும்போது நமக்கு இன்னும் விடிந்திருக்காது. அவள் அனுப்பும் வொய்ஸ் மெசேஜ்களில் பாதி கொட்டாவி.

இரண்டாவது விதி, போன வழியில் திரும்பக் கூடாது. யோகோஹாமாவில் யோகோசுகா லைனில் ஏறி காமகுராவுக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் கிதா-காமகுராவில் இறங்குவது. அங்கே பார்த்துவிட்டு ஒரே ஒரு ஸ்டேஷன் ரயிலில் காமகுரா. பிறகு எனோடென் என்ற சின்ன ரயிலில் ஹாசே. அதே எனோடெனில் கடலோரமாகப் போய்ப் ஃபுஜிசாவா. அங்கிருந்து டோக்கைடோ லைனில் யோகோஹாமா. கயிற்றை வளைத்து முடிச்சுப் போட்ட மாதிரி வட்டம் முடிந்துவிடும். காலையில் வேலைக்குப் போகிற கூட்டத்தில் அம்மாவை நிற்க வைக்க முடியாது. யோகோசுகா ரயிலில் கிரீன் கார் என்று இரண்டு தட்டுப் பெட்டி இருக்கிறது. ஏறுவதற்கு முன்னமே சுயிக்கா என்ற ரயில் கார்டில் டிக்கெட் போட்டுக்கொண்டால் கொஞ்சம் மலிவு. அன்றைக்கு நான் செய்யும் ஒரே ஆடம்பரம் அதுதான்.

கிதா-காமகுராவில் இறங்குவது பூவுக்காக. மெய்கெட்சுயின் என்ற கோயில், ஜூனில் ஹைட்ரேஞ்சியாவால் நிறைந்திருக்கும், பெரும்பாலும் நீலம். நம் பக்கம் அதைப் பங்களாப் பூ என்பார் அம்மா. துரை பங்களா வாசலில் மட்டும் பார்த்த பூ, கிட்டப் போய்த் தொட விட மாட்டார்கள். ஹைட்ரேஞ்சியாவின் நிறத்தை மண்தான் தீர்மானிக்கிறது. அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும், பூ நீலமாகும். சுண்ணாம்புச் சத்துள்ள மண் என்றால் ரோஸ். தேயிலையும் அமில மண்ணைத்தான் கேட்கும். நம் மலையில் தேயிலை நன்றாக வருவதற்கும் பங்களாப் பூ நீலமாக இருப்பதற்கும் ஒரே காரணம். இதை அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப அங்கயும் கொழுந்து வருமே" என்றார். வரும். ஜப்பான்காரர்கள் வளர்க்கவும் செய்கிறார்கள், ஆனால் காமகுராவில் இல்லை.

பூ நேரம் என்றால் கூட்டம் மோசமாக இருக்குமாம். திறக்கும்போதே வாசலில் நிற்க வேண்டும். ஹாசே பக்கத்தில் ஹாசே-தேரா என்று இன்னொரு பூக் கோயில் உண்டு, அங்கே 9 மீட்டருக்கு மேல் உயரமான மரத்தாலான கண்ணோன் என்ற கருணைத் தெய்வத்தின் சிலையும் இருக்கிறது. மேலே நின்றால் கடல் தெரியும். ஆனால் குன்று, படி, வரிசை. ஒரு பூக் கோயில் போதும் என்று அதை அடித்துவிட்டேன்.

கிதா-காமகுரா ஸ்டேஷன் பக்கத்திலேயே எங்காகுஜி என்ற கோயில் இருக்கிறது. 1889இல் ரயில் பாதை போட்டபோது அந்தக் கோயில் நிலத்தை நடுவே வெட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். குளம் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், கோபுர வாசல் அந்தப் பக்கம். மங்கோலியர் இரண்டு தடவை படையெடுத்து வந்து திரும்பிய பிறகு, 1282இல் அப்போது ஆட்சியை நடத்திய ஹோஜோ தோகிமுனே கட்டியது. செத்த இரண்டு தரப்பாருக்காகவும் பிரார்த்திக்க. எதிரியின் பிணத்துக்கும் சேர்த்து! அதை வாசித்தபோது கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். நாங்கள் வெளியிலிருந்து பார்த்துவிட்டு நடப்போம், உள்ளே படி.

காமகுராவில் பெரிய கோயில் சுருகாஓகா ஹாச்சிமங்கு. தெருவின் நடுவில் மேடாக உயர்த்திய தான்கசுரா என்ற நடைபாதை நேராகக் கோயிலுக்குப் போகிறது, ஒரே சமதரை. ஆனால் கடைசியில் 61 கற்படி. அம்மா கீழேயே நிற்கட்டும், கீழே நின்றாலே கதை இருக்கிறது. கதையின் தொடக்கம் தேநீர். எய்சாய் என்ற ஜென் துறவி சீனாவிலிருந்து தேயிலை விதை கொண்டு வந்தவர். 1214இல், முதல் ராத்திரி குடித்துவிட்டுத் தலைவலியோடு கிடந்த ஷோகன் (இராணுவ ஆட்சித் தலைவர்) சனெட்டோமோவுக்கு ஒரு கிண்ணம் தேநீரும், தேநீரின் நன்மை பற்றித் தான் எழுதிய நூலும் கொடுத்தார் என்று அக்காலப் பதிவு சொல்கிறது. 'ஹேங்-ஓவர்' மருந்தாகத் தேநீர் அரண்மனைக்குள் போயிருக்கிறது. அதே சனெட்டோமோ 1219இல், பனி கொட்டிய ஓர் இரவில், இந்தக் கோயிலில் சடங்கு முடித்து வரும்போது சொந்தச் சகோதரன் மகனால் வெட்டப்பட்டார். கொன்றவன் படியோரத்துப் பெரிய ஜின்கோ மரத்தின் பின்னால் ஒளிந்திருந்தான் என்பது ஊர்க்கதை. அந்த மரம் 2010 மார்ச்சில் பலத்த காற்றில் விழுந்துவிட்டது. அடியிலிருந்து புதுத் துளிர் விட்டிருக்கிறது. அம்மாவுக்குக் கொலைக் கதை என்றால் படி ஏறாத குறையே தெரியாது.

சாப்பாட்டில் தகராறு இல்லை. அங்கே எந்தச் சாப்பாட்டிலும் மீன் சாறு இருக்கும், புதன்கிழமை அம்மா மீன் சேர்ப்பார்தான், ஆனால் "பச்சத் தண்ணி மாதிரி கொழம்பு" அவருக்கு ஆகாது. ரொட்டியும் கட்டா சம்பலும் கட்டிக்கொண்டு போகிறோம். மாவும் மாசியும் இங்கிருந்தே போகும். எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதுதான் கேள்வி. நடந்துகொண்டே சாப்பிடுவதைத் தவிர்க்கச் சொல்லி 2019இல் நகரசபை விதியே கொண்டுவந்திருக்கிறது, தண்டனை இல்லாவிட்டாலும். கடற்கரையில் பிரித்தால் பருந்து மேலிருந்து வந்து கையிலிருப்பதைப் பிடுங்கிக்கொண்டு போகுமாம். எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். குப்பைத் தொட்டியும் கண்ணில் படாது, எண்ணெய்க் கடதாசியை மடித்து வீட்டுக்கே கொண்டுவர ஒரு பை வேண்டும்.

பகலுக்குப் பிறகு ஹாசேயில் பெரிய புத்தர். "அந்தப் புத்தரப் பாக்க அம்புட்டுத் தூரம் போவணுமா? இங்கன சந்திக்குச் சந்தி இருக்காரே" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. கோதோகுயின் கோயிலின் இந்தப் புத்தர் வெண்கலம், 1252இல் வார்க்கத் தொடங்கியது, பீடம் தவிர்த்து 11 மீட்டருக்கு மேல், எடை 121 தொன். தலைக்கு மேல் மண்டபம் இருந்தது. 1334, 1369 புயல்களில் அடி வாங்கி, 15ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து அவர் மழையிலும் வெயிலிலும்தான் உட்கார்ந்திருக்கிறார். நுழைவு 300 யென். இன்னும் 50 யென் கொடுத்தால் அவர் வயிற்றுக்குள் போகலாம், முதுகில் இரண்டு ஜன்னல். அம்மாவுக்கு நான் காட்ட நினைப்பது சுவரில் மாட்டியிருக்கும் அவருடைய வைக்கோல் செருப்பு. 1.8 மீட்டர் நீளம், 45 கிலோ. எழுந்து நடந்தால் போட்டுக்கொள்ளட்டும் என்று பிள்ளைகள் பின்னிக் கொடுத்தது.

அதே வளவில் ஜே.ஆர். ஜயவர்தனவுக்கு ஒரு நினைவுக் கல்லும் இருக்கிறது. 1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில், அப்போது நிதியமைச்சராக இருந்த அவர், ஜப்பானிடம் இலங்கை நட்டஈடு கேட்காது என்றார். பகை பகையால் தணியாது, அன்பால்தான் தணியும் என்ற தம்மபத வாக்கைச் சொல்லித்தான் அதைச் செய்தார். ஜப்பான் அதை மறக்கவில்லை. 1991இல் கல் நாட்டினார்கள். நல்லதுதான். ஆனால் 1948இல் எங்கள் மலையகத் தமிழ் ஆட்களின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்தபோது அவர் அதே அமைச்சரவையில் இருந்தவர். 1983 ஜூலையில் ஜனாதிபதி. 1988இல் நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் வந்ததும் அவர் காலத்தில்தான், அம்மாவின் அடையாள அட்டைக்கு வழி பிறந்தது அதனால்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிறக்கும்போது எந்த நாட்டுப் பிரஜையும் இல்லாதவர் இப்போது இலங்கைப் பாஸ்போர்ட்டோடு அந்தக் கல்லுக்கு முன்னால் நிற்கப் போகிறார். விஷயத்தைச் சொன்னேன். "அவரு அங்கயும் இருக்காரா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மாவு சலிக்கப் போய்விட்டார்.

எனோடெனைப் பற்றித்தான் எனக்கு ஆசை அதிகம். காமகுராவிலிருந்து ஃபுஜிசாவா வரை 10 கிலோமீட்டர், 15 ஸ்டேஷன், அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல். 1902இல் தொடங்கி 1910இல் முழுப் பாதையும் முடிந்தது. நம் மலைப் பாதை மாதிரி ஒற்றைத் தண்டவாளம், எதிரே வரும் ரயிலுக்கு இடையிடையே ஒதுங்கி நிற்கும். இங்கே ஸ்டேஷன் மாஸ்டர் வளையத்தோடு டேப்லட் என்ற வழி அனுமதித் தகட்டை நீட்ட, கோச்சி ஓடுகிற ஓட்டத்திலேயே டிரைவர் அதை வாங்கிக்கொள்வாரே, அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒற்றைத் தண்டவாளத்தில் 14 நிமிஷத்துக்கு ஒரு ரயில் விடுகிறார்கள் என்பது நம்பக் கடினமான சங்கதி. வீட்டு மதிலை உரசுகிற மாதிரி போகும். கொஷிகோயேயிலிருந்து எனோஷிமா வரை காரோடு காராக ரோட்டிலேயே ஓடும். அதற்கு முன்னால் ஷிச்சிரிகஹாமா பக்கம் ஜன்னலுக்கு வெளியே கடல்தான். காமகுராவிலிருந்து போகும்போது இடது பக்கம் பிடிக்க வேண்டும், இதைத் தங்கச்சிக்கு மூன்று மெசேஜில் எழுதியாகிவிட்டது. அம்மா கடலை நின்று பார்த்தது அபூர்வம்.

உடுப்பு விஷயத்தில் நான் தோற்றுவிட்டேன். ஜூன் அங்கே மழைக் காலம், இங்கே தென்மேல் பருவம் கொட்டுகிற மாதிரியே. சல்வார் போடச் சொன்னால் கேட்கிறாரா? சேலைதான், கீழே ஸ்போர்ட்ஸ் சப்பாத்து, மேலே என் பழைய ஸ்வெட்டர். இந்தக் கோலத்தில் மலையேறியவருக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன்.

தங்கச்சி இன்னும் இரண்டு திருத்தம் கேட்கிறாள். ஒன்று, ஹொக்கொக்குஜியின் மூங்கில் தோட்டம். அங்கே மூங்கிலைப் பார்த்தபடி மாச்சா குடிக்கலாம். கொழுந்து எடுத்தவருக்குத் தேயிலையை மாவாக இடித்து, சீனி போடாமல் கொடுத்தால் என்ன சொல்வார் என்று கேட்க எனக்கும் ஆசைதான். ஆனால் அதற்குப் பஸ் பிடித்து வேறு திசையில் போக வேண்டும், போய்வந்தால் புத்தருக்கு நேரம் சுருங்கிவிடும். முடியாது என்று சொல்லிவிட்டேன். மற்றது, ஃபுஜிசாவா வரை போகாமல் எனோஷிமாவில் இறங்கி ஷோனான் மொனோரெயிலில் ஒஃபுனாவுக்கு வருவது. 14 நிமிஷம், வட்டமும் கெடாது. அது தண்டவாளத்தின் கீழே தொங்கிக்கொண்டு ஓடும் ரயில். இதற்கு நான் சரி சொல்லிவிட்டேன். அம்மாவிடம் ரயில் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம்.