வலது கண்ணுக்கு முன்

மார்ச் 4, செவ்வாய்

டகுமார் லென்ஸ் இன்று ஜன்னலுக்குப் போய்விட்டது. 50 எம்எம், எஃப்1.4 (எஃப் எண் சிறிதானால் ஒளி நுழையும் துளை பெரிது), ஏழு கண்ணாடி வகை. வெள்ளைத் தாள்மேல் வைத்து உள்ளே பார்த்தால் பழைய செய்தித்தாள் நிறம். முதலில் வந்த எட்டுக் கண்ணாடி வகைக்கு இந்தத் தொல்லை இல்லை, அதில் தோரியம் கிடையாது. ஒளியை நன்றாக வளைக்க வேண்டும், ஆனால் நிறங்களை அதிகம் பிரிக்கக் கூடாது என்றுதான் இதில் தோரியம் கலந்தார்கள். அதன் கதிர்வீச்சு, இருக்கும் கண்ணாடியையே வருடக்கணக்கில் மஞ்சளாக்கிவிடுகிறது. வெயிலில் உள்ள புற ஊதா ஒளி பட்டால் மஞ்சள் மெல்ல மறையும்.

பின்பக்கம் அலுமினியத் தாள் சுற்றி, முன்பக்கம் வெயிலைப் பார்க்க வைத்தேன். திரைச்சீலையை ஒதுக்கிக் கட்டியாயிற்று. வெயிலில் இருக்கும் லென்ஸ் துணியைப் பற்றவைத்துவிடும்.

நாளை அம்மாவின் கண்புரை அறுவைக்கு ஆறரைக்குக் கிளம்ப வேண்டும்.

மார்ச் 5, புதன்

இடது கண் முடிந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எனக்குத்தான் கை நடுங்கியது.

மார்ச் 6, வியாழன்

மறைப்பை எடுத்ததும் அம்மா முதலில் பார்த்தது திரைச்சீலையை. "இது நீலமா?" என்றாள்.

மூன்று வருடமாக அது சாம்பல் நிறம் என்றே நினைத்திருக்கிறாள். ஒரு கண்ணை மூடினாள், திறந்தாள், மற்றதை மூடினாள். "இதுல நீலம். இதுல சாம்பல்." நாள் முழுக்க வீட்டில் ஒவ்வொரு பொருளையும் இப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர், வாளி, என் சட்டை. என் முகத்தையும் ரொம்ப நேரம் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 7, வெள்ளி

சொட்டு மருந்து நான்கு வேளை. மேகம். டகுமார் மஞ்சளாகவே இருக்கிறது.

மார்ச் 8, சனி

ஹீலியோஸ் 40-2 எடுத்தேன். 85 எம்எம், எஃப்1.5. ஒரு கிலோவை நெருங்கும் எடை. அரை மணி நேரத்தில் மணிக்கட்டு சொல்லிவிடும். அம்மா நாற்காலியில், ஜன்னல் இடப்பக்கம்.

ஒரு மீட்டர் தூரத்தில் முழுவதும் திறந்து வைத்தால், தெளிவாக விழும் ஆழம் ஒன்றேகால் சென்டிமீட்டர்கூட இல்லை. அம்மா மூச்சு விட்டாலே கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. திரையில் பெரிதாக்கிப் பார்த்து வளையத்தைத் திருப்புவதற்குள் இமை தெளிவாகிறது, கருவிழி போய்விடுகிறது. நான் முன்னும் பின்னும் சாய்ந்து, சாய்கிறபோதே அழுத்தினேன். 140 படம். கண் சரியாக விழுந்தது 9.

மாலை 4.40. எஃப்1.5. ஷட்டர் 1/2000. பிறகு 12 படம் எஃப்2.8.

இந்த லென்ஸுக்கும் கேமராவுக்கும் பேச்சு கிடையாது. ஃபைலில் அப்பர்ச்சர் (அந்த எஃப் எண்) இருக்கும் இடம் காலியாக வரும். அதனால்தான் முதலில் எழுதி வைக்க ஆரம்பித்தேன். அப்புறம் மற்றதும் சேர்ந்துகொண்டது.

மார்ச் 9, ஞாயிறு

ஒன்பது படத்தையும் திறந்து உட்கார்ந்தேன். இமை மயிர்களில் ஃபோகஸுக்கு முன்னால் இருப்பது கருஞ்சிவப்பு, பின்னால் இருப்பது பச்சை. நரைத்த முடியில் இன்னும் மோசம். நிற விளிம்பை நீக்கும் ஸ்லைடரை முழுப் படத்துக்கும் போட்டால் செடியின் ஓரமெல்லாம் வெளுத்துவிடுகிறது. முடிக்கு மட்டும் பிரஷ் வைத்து நிறத்தைக் குறைத்தேன். ஒரு படத்துக்கு நாற்பது நிமிடம்.

அம்மா பின்னால் வந்து நின்றாள். "நல்லா இருக்கு." பிறகு இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு அறையைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். "ஆனா எனக்கு இப்படித் தெரிஞ்சதில்ல. நீ ரொம்பத் தெளிவா எடுத்திருக்க."

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். விளக்கைச் சுற்றிப் பஞ்சு ஒட்டியிருக்கும் என்றாள். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

அவள் வலது கண் காண்பதைப் படமாக எடுத்தால், இப்போது அவளால் ஒப்பிட முடியும். வலது கண்ணில் அறையைப் பார்க்கலாம், இடது கண்ணில் என் படத்தைப் பார்க்கலாம். போன வாரம் முடியாது, வலது கண்ணுக்கும் அறுவை நடக்கும் 26-ம் தேதிக்குப் பிறகும் முடியாது. பதினேழு நாள்.

மார்ச் 10, திங்கள்

இரவு விளக்கு. ஹீலியோஸ், எஃப்1.5. விளக்கின் ஓரத்தில் மெல்லிய ஒளி கசிகிறது. பின்னால் இருக்கும் சின்ன விளக்குகள் நடுவில் வட்டமாகவும் ஓரத்தில் எலுமிச்சை வடிவமாகவும் விழுந்து, எல்லாம் நடுவைச் சுற்றிச் சுழல்கின்றன. ஓரத்தில் இருந்து சாய்ந்து வரும் ஒளியை லென்ஸின் முன் வளையமும் பின் வளையமும் ஆளுக்கொரு பக்கம் நறுக்குவதால் வரும் வடிவம் அது. இந்தச் சுழலுக்காகத்தான் இதை வாங்கினேன்.

அம்மா: "இது சுத்துது. எனக்குச் சுத்தாது."

மார்ச் 11, செவ்வாய்

வெயில். லென்ஸைத் திருப்பி வைத்தேன்.

மார்ச் 13, வியாழன்

என்ன செய்துவிட்டேன்.

டகுமாரை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தேன். பாதிக்கு மேல் வெளுத்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது. அம்மாவின் வலது கண்ணில் இருக்கும் நிறம் இந்த லென்ஸில் இருந்தது. திரைச்சீலையைச் சாம்பலாகக் காட்டும் மஞ்சள் என் கையிலேயே இருந்தது. ஒன்பது நாளாக அதை நானே வெயிலில் வைத்து அழித்துக்கொண்டிருந்தேன்.

உடனே உள்ளே எடுத்து டப்பாவில் வைத்தேன். அந்த மஞ்சள் தானாகத் திரும்பி வரும், ஆனால் பல வருடம் ஆகும். தோரியத்துக்கு என்ன அவசரம், அதன் அரை ஆயுள் சுமார் 1400 கோடி ஆண்டு. எனக்குப் பதின்மூன்று நாள்.

மார்ச் 15, சனி

நண்பன் அவனுடைய கேனன் 50 எம்எம் எஃப்0.95-ஐ இரண்டு நாளைக்குக் கொடுத்திருக்கிறான். 1961-ல் வந்தது. 'ட்ரீம் லென்ஸ்' என்பார்கள். கையில் வாங்கும்போதே மரியாதை வந்துவிடுகிறது. முன் கண்ணாடி அவ்வளவு பெரிது. முழுவதும் திறந்தால் தெளிவான கோட்டின்மேல் இன்னொரு மங்கலான படம் போர்த்தியதுபோல ஒளி பரவுகிறது. கண்ணாடியின் ஓரத்தில் நுழையும் கதிரும் நடுவில் நுழையும் கதிரும் ஒரே இடத்தில் வந்து சேராததால் வருவது. எஃப்2 வைத்தால் போய்விடும்.

அம்மாவைக் கதவோரம் எடுத்தேன். வாழ்க்கையில் நான் எடுத்த மிக நல்ல படங்களில் ஒன்று. காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது அழகா இருக்கு. அது அழகா இருக்காது, கண்ணு."

மார்ச் 16, ஞாயிறு

தூக்கம் இல்லை. நேற்றுச் சொன்னது காதிலேயே இருக்கிறது.

இரண்டு மணி வரை எடிட்டிங். கிளாரிட்டியை (விவரங்களின் அழுத்தம்) மைனஸில் இழுத்தேன், டீஹேஸை (மூட்டம் நீக்குவது) மைனஸில் இழுத்தேன், கறுப்பைத் தூக்கினேன். எதுவும் ஒட்டவில்லை. கிளாரிட்டி குறைத்தால் தோல் மெழுகு மாதிரி ஆகிறது, விளக்கு மட்டும் அப்படியே நிற்கிறது. ஏனென்றால் விளக்கு ஏற்கனவே வெளுத்து உச்சத்தில் முட்டிவிட்டது. உண்மையில் அது எவ்வளவு பிரகாசம் என்பது ஃபைலில் இல்லை. சுற்றிலும் எவ்வளவு கசிய வேண்டும் என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? லென்ஸுக்குத் தெரியும். லென்ஸ் உண்மையான விளக்கையே பார்க்கிறது. கசிவு சென்சாருக்கு முன்னாலேயே நடந்துவிட வேண்டும். பிறகு சேர்த்தால் பூச்சு வேலைதான்.

இன்னொன்றும் புரிகிறது. வேகமான லென்ஸின் ஒளிர்வும் புரையின் மூட்டமும் ஒரே ரகம் கிடையாது. லென்ஸில் கதிர்கள் ஒழுங்காக விலகுகின்றன, அதனால்தான் அழகு. புரையில் ஒளி எல்லாப் பக்கமும் சிதறுகிறது. நிழலுக்குள்ளும் விழுந்து கறுப்பைக் கெடுக்கிறது. சிதற வேண்டுமென்றால் கண்ணாடியே கெட்டிருக்க வேண்டும்.

மார்ச் 17, திங்கள்

கேனனைத் திருப்பிக் கொடுத்தேன். வருத்தம்தான்.

அலமாரியின் அடியில் கேனன் எஃப்எல் 55 எம்எம் எஃப்1.2 கிடக்கிறது. உள் கண்ணாடியில் பால் மாதிரி படர்ந்திருக்கும். பிரித்துத் துடைக்க வேண்டும் என்று தள்ளிப்போட்டே வந்தேன். துடைக்காமல் விட்டதற்கு இன்று யாரிடமாவது நன்றி சொல்ல வேண்டும்போல இருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

இரவு விளக்கு. எஃப்எல் 55, எஃப்1.2, 1/60. கேமராவின் நடுக்கத்தடுப்புக்கு லென்ஸ் 55 எம்எம் என்று கையால் கொடுத்தேன், அதுவரை ஹீலியோஸின் 85-லேயே விட்டிருந்தேன்.

அம்மா இடது கண்ணால் படத்தைப் பார்த்தாள், வலது கண்ணால் விளக்கைப் பார்த்தாள். மூன்று முறை.

"ஆமா. விளக்கு இப்படித்தான்."

மார்ச் 19, புதன்

நிறம். ஒயிட் பேலன்ஸை (எது வெள்ளை என்று படத்துக்குச் சொல்லும் அமைப்பை) மஞ்சள் பக்கம் தள்ளினேன். அம்மா உடனே மறுத்தாள். வலது கண்ணுக்குச் சுவர் மஞ்சளாகத் தெரியவில்லையாம், வெள்ளையாகத்தான் தெரிகிறதாம். இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றிப் பார்க்கும்போதுதான் மஞ்சள் என்று தெரிகிறது. மூன்று வருடமாக மனம் அந்த மஞ்சளைக் கழித்துக்கொண்டே வந்திருக்கிறது.

அப்படியானால் எதை எடுப்பது? அவள் கண் கண்டதையா, அவள் கண்டதையா? சுவரை வெள்ளையாக விட்டு நீலத்தை மட்டும் கொல்வதா? முயன்றேன். திரைச்சீலை சாம்பலானது. சுவரில் பாதி மஞ்சளை மட்டும் விட்டேன். "கிட்ட வந்துட்ட" என்றாள்.

மார்ச் 21, வெள்ளி

சொட்டு மருந்தை இன்று மதியம் ஒரு வேளை மறந்தேன். படம் பார்த்துக்கொண்டிருந்ததால். மன்னிக்க முடியாதது.

மார்ச் 24, திங்கள்

சர்க்கரை அதிகம். வலது கண் ஏப்ரல் 2-க்குத் தள்ளிப்போனது.

அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு ஒரு நொடி சந்தோஷம் வந்தது. இன்னும் ஏழு நாள் கிடைத்தது என்று. அதை மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 25, செவ்வாய்

ஓவியர் மோனேவுக்கும் ஒரு கண்தான் செய்தார்கள். 1923-ல், வலது கண். மற்றதைச் செய்துகொள்ளச் சம்மதிக்கவில்லை. செய்த கண்ணில் எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று புலம்பியிருக்கிறார். அம்மாவிடம் சொன்னேன். "அவர் படம் வரையறவர், பயந்திருப்பார்" என்றாள்.

மார்ச் 27, வியாழன்

முகம் வரமாட்டேன் என்கிறது. விளக்கு சரி, சுவர் சரி, திரைச்சீலை சரி. கதவருகே அண்ணனை நிறுத்தி எடுத்தேன், கண்ணில் ஃபோகஸ், மேலே பால் மூட்டம். அம்மா தலையாட்டுகிறாள். "இவ்வளவு தெரியாது."

மூட்டத்தைக் கூட்டினேன். "மூட்டம் இல்ல. வேற."

மார்ச் 29, சனி

கேமராவை முக்காலியில் வைத்து அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில், அவள் கண் உயரத்துக்கு இறக்கினேன். எஃப்எல் 55, எஃப்1.2. கண்ணை வியூஃபைண்டரில் ஒட்ட வைக்க விடவில்லை, பின்திரையைத்தான் பார்க்கச் சொன்னேன். வளையத்தில் அவள் விரலை வைத்தேன். "நான் கதவுகிட்ட போய் நிற்கிறேன். வலது கண்ணால என்னைப் பாரு. அப்புறம் இடது கண்ணால திரையைப் பாரு. ரெண்டும் ஒண்ணாகற வரைக்கும் திருப்பும்மா."

மூன்று மீட்டர் இருக்கும். நான் நின்றேன். அவள் ஒரு கண்ணை மூடினாள், திருப்பினாள், மற்றதை மூடினாள், திருப்பினாள். "அசையாத." பத்து நிமிடம் போயிருக்கும். வளையம் ஒரு பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. நிறுத்தினாள், கொஞ்சம் திரும்பி வந்தாள்.

"இதான்." அவளே அழுத்தினாள்.

போய்ப் பார்த்தேன். கண் இல்லை. வாய் இல்லை. கதவுச் சட்டத்துக்கு நடுவில் ஒரு வெளிச்சத் திட்டு, அதற்குக் கீழே சட்டையின் நிறம். யாராகவும் இருக்கலாம்.

தினமும் சாயங்காலம் அந்தக் கதவில் நின்றுதான் சிரிப்பேன். அவளும் சிரிப்பாள்.

"அப்ப நான்தான்னு எப்படித் தெரியும்?"

"நடையில. நீ வலது காலை அழுத்தி வைப்ப."

மார்ச் 30, ஞாயிறு

வளையம் 1.2 மீட்டர் பக்கம் நிற்கிறது. நான் நின்றது 3-ல்.

இரண்டு வருடத்துக்கு முன் அம்மா படிக்கும் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். கண்ணாடி இல்லாமலே ஊசியில் நூல் கோத்தாள். கண் நன்றாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். விழிலென்ஸ் நடுவில் கெட்டியாகும்போது ஒளியை அதிகமாக வளைக்கும், ஃபோகஸ் பக்கத்துக்கு வந்துவிடும் என்று மருத்துவர் போன மாதம் சொன்னபோது நான் சரியாகக் கேட்கவில்லை. ஊசி கிட்டே வந்தபோது கதவு தூரம் போயிருக்கிறது. ஃபோகஸுக்காக இருபது வருடமாக ஒன்றேகால் சென்டிமீட்டருக்குள் சண்டை போடுகிறேன். அருகிலேயே அவளுடைய ஃபோகஸ் கதவை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது, நான் கவனிக்கவில்லை.

மார்ச் 31, திங்கள்

அந்தப் படத்துக்கு எடிட்டிங் மிகக் குறைவு. நீலத்தை இறக்கினேன், சுவரில் பாதி மஞ்சள். கூர்மை பூஜ்யம். கறுப்பைத் தொடவில்லை, மூட்டம் அதைத் தானே தூக்கிவிட்டது.

அம்மா இடது கண்ணால் பார்த்தாள், பிறகு இடதை மூடிக்கொண்டு கதவைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள். "அழிச்சிடாத."

ஏப்ரல் 1, செவ்வாய்

சர்க்கரை சரியாக இருக்கிறது. நாளை உறுதி.

ஃபோகஸ் வளையம் நகராமல் அம்மா நிறுத்திய இடத்தில் டேப் ஒட்டினேன். லென்ஸைத் துடைக்கக் கொடுக்கவில்லை. டகுமார் டப்பாவில், இருட்டில்.

ஏப்ரல் 2, புதன்

ஆறு மணி. அம்மா கதவில் நிற்கச் சொல்கிறாள், கடைசியாக ஒரு முறை வலது கண்ணால் பார்க்க