களைப்புக்குக் கணக்கு எழுதிய ஆறு மாதம்

எனக்கு 35 வயது. ஊர் பரந்தன். மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளை நான்; மூளையில் வந்த பாதிப்பால் பெருமூளை வாதம். இரண்டு காலும் இறுக்கம், குதி நிலத்தில் படாமல் முன்னங்காலை ஊன்றித்தான் நடப்பேன். பிறந்ததிலிருந்தே அதுதான் என் நடை என்பதால் அதை நான் பெரிதாக யோசித்ததில்லை. ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். பின்நேரம் வீட்டு விறாந்தையில் ஐந்தாறு பிள்ளைகளுக்குக் கணித வகுப்பு.

முப்பது தாண்டிய பிறகு மத்தியானங்கள் மாறத் தொடங்கின. இரண்டு மணி ஆனால் பேனையைப் பிடிக்க விரல் வராது. கதைக்கும்போது நாக்கு தடிக்கும். வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றாமலே பாயில் விழுவேன். அம்மாவும் வயலில் நின்றுவிட்டு அலுப்போடுதான் வருவா, ஆனால் ஒரு நித்திரையோடு அவவுக்கு அது போய்விடும். எனக்குப் போகாது. விடிய எழும்பும்போதும் முதல் நாள் அலுப்பு அப்படியே காலில் இருக்கும்.

முதலில் காட்டிய டொக்டர், "இந்த வருத்தம் கூடுகிற வருத்தமில்லை, நீங்கள்தான் யோசித்துக் களைக்கிறீர்கள்" என்றார். அதில் பாதி உண்மை. மூளையில் வந்த பாதிப்பு வந்ததோடு நின்றுவிடும், வளராது. ஆனால் அந்தப் பாதிப்போடு முப்பது வருடம் நடந்த தசைக்கும் மூட்டுக்கும் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. நான் சோம்பேறியாகிவிட்டேன் என்றே நம்பினேன். 2009 இல் போரில் இடம்பெயர்ந்தபோது அண்ணாவின் சைக்கிள் கரியரில் பாதி, நடையில் பாதியாக அந்தப் பாதையெல்லாம் கடந்து வந்தவள், இப்போது பஸ் தரிப்பிடத்திலிருந்து கந்தோர்வரை நடக்க ஏலாதா என்று என்னையே பேசிக்கொண்டேன். இரண்டு வருடம் அப்படிப் போனது. அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இப்போதும் கவலையாக இருக்கிறது.

அப்புறம் வேறொரு கிளினிக்கில் இரத்தம் சோதித்தார்கள். தைரொயிட் சரி, இரும்புச்சத்து குறைவு. மூன்று மாதம் குளிசை குடித்ததில் தலைச்சுற்று நின்றது, கால் அலுப்பு நிற்கவில்லை. ஆனாலும் இதைத் தாண்டிப் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். இரத்தக்குறைவு, தைரொயிட், நித்திரைக் குறைவு, மனச்சோர்வு இவையெல்லாம் பெருமூளை வாதம் உள்ளவர்களுக்கும் வரும். எல்லாவற்றையும் வாதத்தின் தலையில் போட்டால் சுகப்படுத்தக்கூடியதும் மறைந்துபோகும். இறுக்கத்துக்கு நான் குடித்துவந்த பக்லோஃபெனும் தூக்கம் தரும் மருந்து. டொக்டரோடு கதைத்து அதன் நேரத்தை மாற்றியதில் காலைகள் கொஞ்சம் தெளிந்தன.

விஷயத்தை விளங்கவைத்தது ஒரு பிசியோ, பயிற்சியால் வைத்தியம் செய்பவ. என்னைவிட வயது குறைந்த பிள்ளை. எங்கே நோகிறது என்று அவ கேட்கவில்லை. "அக்கா, நேற்று எழும்பினதிலிருந்து என்னென்ன செய்தீங்கள்?" என்று கேட்டா. பிறகு என்னை நிற்கவைத்து, கெண்டைக்கால் சதையில் ஒரு கையும் முன்பக்கத் தசையில் ஒரு கையும் வைத்தா. மற்றவர்களுக்கு ஒன்று இறுகும்போது மற்றது இளகிக் கொடுக்கும், எனக்கு இரண்டும் ஒன்றாக இறுகுகின்றன. "பிரேக்கைப் பிடிச்சுக்கொண்டு சைக்கிள் மிதிக்கிற மாதிரி, அக்கா" என்றா. அதே தூரத்தை நடக்க என்னைப் போன்றவர்களுக்கு இரண்டு மூன்று மடங்கு சக்தி செலவாகலாமாம். இளவயதில் உடம்பு அதைத் தாங்கிக்கொள்ளும். வயது போகப்போக நோவு, மூட்டுத் தேய்வு எல்லாம் சேர, தாங்குகிற அளவு குறையும்.

நான் அழுதுவிட்டேன். அவ பேசாமல் இருந்தா, பிறகு ஒரு தாளை எடுத்தா. களைப்பைப் பற்றி ஒன்பது வசனங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஏழுவரை புள்ளி. அவ தமிழில் சொல்லச்சொல்ல நான் புள்ளி போட்டேன். 63க்கு 52 வந்தது. என் களைப்பை ஒருவர் இலக்கத்தில் எழுதியது அதுதான் முதல் தடவை.

அன்று வரும்போது ஒரு சீஆர் கொப்பி வாங்கினேன். கணக்கு எழுதுவதுதானே என் தொழில். இடப்பக்கம் செய்த வேலை, வலப்பக்கம் காலையிலும் மத்தியானத்திலும் இரவிலும் களைப்பு பத்துக்கு எத்தனை என்று. முதல் மாதம் ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாம் மாதம் பக்கங்களைத் திருப்பும்போதுதான் கண்டேன்: என் மோசமான நாட்களுக்கு முதல் நாள், அல்லது அதற்கு முதல் நாள், எப்போதும் ஒரு நல்ல நாள். உடம்பு லேசாக இருக்கிறதே என்று கிணற்றில் தண்ணி அள்ளி, உடுப்புத் தோய்த்து, சந்தைக்கும் போயிருப்பேன். அந்தச் செலவு அன்றைக்குப் பதிவாகாது, அடுத்த நாள் பதிவாகும். கச்சான் காற்றுக் காலத்து வெக்கையில் அது இரட்டிப்பு.

நோர்வேயில் இருக்கும் மச்சாளிடம் இதைச் சொன்னபோது, அங்கே 2003 இல் வந்த ஓர் ஆய்வைத் தேடி வாசித்துச் சொன்னா. பெருமூளை வாதம் உள்ள 406 பெரியவர்களைக் கேட்டிருக்கிறார்கள். பொதுமக்களைவிட அவர்களுக்கு உடற்களைப்பு கூடுதல், மனக்களைப்பில் வித்தியாசம் இல்லை. "நீ யோசித்துக் களைக்கிறாய்" என்ற அந்தப் பேச்சு அன்றைக்குத்தான் என் மண்டையை விட்டு இறங்கியது.

இப்போது களைக்க முதலே இருந்து ஆறிக்கொள்கிறேன். பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் பத்துப் பத்து நிமிடம், கந்தோர் வாங்கில் காலை நீட்டி. கோப்புகளைக் கீழ்த்தட்டுக்கு மாற்றித் தந்தார்கள். தண்ணி அள்ளும் நாளில் சந்தை இல்லை. முழுதாகப் படுத்துக்கிடப்பதும் கூடாது, தசை இன்னும் மெலியும். அதனால் கிழமைக்கு இரண்டு தரம் பிசியோ சொன்ன பயிற்சி, மூச்சுவாங்கும் அளவுக்குப் போகாமல்.

கடினமாக இருந்தது சக்கரநாற்காலிதான். பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தர் மூலம் அது வந்து ஐந்து மாதம் அறை மூலையில் கிடந்தது. நடக்கத் தெரிந்தவள் அதில் இருந்தால் சனம் என்ன சொல்லும் என்ற எண்ணம். அம்மாவுக்கும் அதைப் பார்க்க மனமில்லை. என்னை நடக்கவைக்க அவ பட்ட பாடு அப்படி.

போன வருடம் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குக் கோயில் வீதியெல்லாம் நடந்தேன், நாலு நாள் எழும்பவில்லை. கொப்பியில் அந்தப் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. இந்த வைகாசியில் அம்மாதான் மூலையிலிருந்து நாற்காலியை இழுத்து, துணியால் துடைத்து, வாசலில் விட்டா. ஒன்றும் சொல்லவில்லை. வான் வண்டியிலிருந்து இறங்கியதும் அதில் இருந்தேன், அண்ணா தள்ளினார். சனத்துக்குள்ளே மூன்று பேர் வழிவிட்டார்கள், ஒருவர் மட்டும் என்ன நடந்தது என்று கேட்டார். அம்மன் முன்னால் எழும்பி நின்று கும்பிட்டேன்.

மறுநாள் செவ்வாய், எட்டரைக்குக் கந்தோரில் இருந்தேன். புதன்கிழமை மட்டும் வகுப்பை அரை மணித்தியாலம் முந்தியே முடித்தேன்.